எதிர்வீட்டு மெஷின்

யாராவது கதவைத் தட்டினால் ஓரக்காரி முதலில் கதவைப் பார்க்க மாட்டாள், வீட்டைத் திரும்பிப் பார்ப்பாள். ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, ஜன்னலோரம் கட்டில், நடுவில் தையல் மெஷின். வெளியே நிற்கிற ஆளின் கண்ணை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டவள் போல அந்த அறையை ஒரு சுற்றுப் பார்ப்பாள். எதன் மீதாவது ஒரு துணியை இழுத்துப் போடுவாள். எதையாவது காலால் கட்டிலுக்கடியில் தள்ளுவாள். அதன் பிறகுதான் தாழ்ப்பாளில் கை வைப்பாள். வந்திருப்பது யாரென்று குரலிலேயே தெரிந்தாலும் இதே கதைதான். ஒருமுறை சொந்த நாத்தனார் வந்து நெடுநேரம் வாசலில் நின்றுவிட்டு, “அப்படி என்ன அண்ணி சமைச்சீங்க, நான் வந்ததும் ஒளிச்சு வைக்கிற அளவுக்கு?” என்று கேட்டுவிட்டு, உள்ளே காலெடுத்து வைக்காமலே திரும்பிப் போனாள். அந்த மனஸ்தாபம் தீர ஒரு வருஷமாயிற்று.

இது பிறவிக் குணமில்லை. மருந்து அட்டை வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

ஓரக்காரி என்பது அந்தக் கட்டடம் வைத்த பேர். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு, விடுதித் துண்டு, போர்வை என்று மூட்டை மூட்டையாக வரும் துணிக்கு ஓரம் மடித்து அடிப்பது அவள் தொழில். சட்டை தைக்கத் தெரியாது. யாராவது அளவு கொண்டு வந்தால், “எனக்கு நேர்க்கோடுதான் வரும், வளைவெல்லாம் வராது” என்று வெட்கப்பட்டுச் சொல்லி அனுப்பிவிடுவாள். காலால் மிதிக்கிற பழைய மெஷின். வலது முட்டி வீங்கியிருக்கும். அதைச் சேலையால் மூடிக்கொள்வாள், அதையும் யாரோ வந்து பார்த்து எழுதிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதைப் போல.

அவள் புருஷனை எல்லோரும் பெயிண்டர் என்றே கூப்பிடுவார்கள். தூரிகை பிடித்தவரில்லை. மேசை, நாற்காலிகளுக்குக் குழாயால் பெயிண்ட் பீய்ச்சும் பட்டறையில் வேலை செய்தவர். ஜன்னல் இல்லாத கூடம். உள்ளே போனால் புகைமூட்டம் மாதிரி நிறம் மிதக்கும். அந்தப் பட்டறைக்கும் அரசாங்கத்திலிருந்து சோதனைக்கு ஆள் வருவார். அவர் வரும் நாளில் முதலாளி பீரோவைத் திறந்து எல்லோருக்கும் முகமூடி எடுத்துக் கொடுப்பார். சோதனைக்காரர் ஒரு சுற்று வந்து, தலையை ஆட்டிவிட்டுப் போனதும் முகமூடிகளைத் திரும்ப வாங்கிப் பூட்டி வைப்பார்.

“வருஷத்துக்கு ரெண்டு தடவை முகமூடி போட்டிருக்கேன். கல்யாணத்துக்குச் சட்டை போடற மாதிரி” என்பார் பெயிண்டர்.

அவருக்கு அது தமாஷ். ஓரக்காரிக்கு அதில் வேறொரு விஷயம் உறுத்தும். நாள் முழுக்கப் பெயிண்ட் பீய்ச்சுகிற இடத்தில், ஒரு துளி கறைகூட இல்லாத வெள்ளை முகமூடி. அதைக் கண்ணெதிரே பார்த்த சோதனைக்காரருக்கு ஒன்றுமே தோன்றாமலா போயிருக்கும்? இதை அவள் யாரிடமும் கேட்டதில்லை. ஆனால் பெயிண்டர் இருமும்போதெல்லாம் தனக்குள் கேட்டுக்கொள்வாள்.

மார்பு கெட்டு அவர் வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான் அட்டை வந்தது. இல்லாதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் மருந்து அட்டை. மாதாமாதம் அதைக் காட்டினால் பெரிய ஆஸ்பத்திரியில் உறிஞ்சும் மருந்தும் மாத்திரையும் கிடைக்கும். கடையில் வாங்கினால் அவள் சம்பாத்தியம் முழுவதும் அதற்கே போகும், சாப்பாட்டுக்குக் காற்றைத்தான் குடிக்க வேண்டும். அவருக்கு அந்தக் காற்றும் மருந்தில்லாமல் இறங்காது.

அட்டையை வருஷத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பார்கள். அட்டை சார் வீட்டுக்கே வருவார். கையில் குடை இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அதட்டுகிற ஆளில்லை. அறைக்கு நடுவில் நின்று மெதுவாகத் திரும்புவார், ஏதோ எழுதுவார், போய்விடுவார். என்ன எழுதினார் என்று சொல்ல மாட்டார்.

வீட்டில் எது இருந்தால் அட்டை போகும் என்பது அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் திட்டமாகத் தெரியாது. ஃபிரிட்ஜ் இருந்தால் போகும் என்றார் ஒருவர். ஃபிரிட்ஜ் பரவாயில்லை, இரண்டு கதவு ஃபிரிட்ஜ்தான் ஆகாது என்றார் இன்னொருவர். மெத்தை தடிமனாக இருந்தால்கூடப் போகும் என்று யாரோ சொல்லி, மேல்மாடியில் ஒரு குடும்பமே தரையில் படுத்தது. ஒன்றில் மட்டும் எல்லோருக்கும் ஒரே பேச்சு. மோட்டார் வைத்த தொழில் சாமான் இருந்தால் அட்டை நிச்சயம் போகும். அடுத்த தெருத் தச்சருக்குத் துளை போடும் மெஷினால் அப்படித்தான் போயிற்று. மெஷினை விற்றுவிட்டு மறுபடி எழுதிப் போட்டார். இப்போது அவரிடம் மெஷினும் இல்லை, அட்டையும் இல்லை.

அதனால் அந்தக் கட்டடத்தில் ஒரு நடைமுறை உண்டாயிற்று. கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். அரசாங்க வண்டியோ குடையோ கண்ணில் பட்டால், “தண்ணி வருது!” என்று மாடியைப் பார்த்துக் கத்துவார். உடனே சாமான்களெல்லாம் கிளம்பும். ஃபிரிட்ஜ், டிவி, மேசை விசிறி எல்லாம் படியேறி, வராந்தா கடந்து சமையலக்கா வீட்டுக்குப் போய்ச் சேரும். இதற்கு ‘ஊருக்குப் போவது’ என்று பேர். மறுநாள், “என்ன, உங்க ஃபிரிட்ஜ் ஊர்லேருந்து வந்துடுச்சா?” என்று விசாரித்துக்கொள்வார்கள்.

சமையலக்கா ஓரக்காரிக்கு எதிர்வீடு. அரசுப் பள்ளிக்கூடத்தில் சமைப்பவள். மாதச் சம்பளம் வாங்குவதால் அவளுக்கு அட்டை கிடையாது. அட்டை இல்லாததால் ஒளிக்கவும் ஒன்றுமில்லை. தனிக்கட்டை. குரல் மூன்று மாடிக்கும் கேட்கும். சோதனை நாளில் அவள் வீடு சாமான் கடை மாதிரி ஆகிவிடும். நாலு விசிறிக்கு நடுவில் நின்றுகொண்டு, “இன்னிக்கு நான்தான் இந்தக் கட்டடத்துலேயே பெரிய பணக்காரி! கும்பிடுங்கடி!” என்பாள். சாயங்காலம் எல்லாவற்றையும் துடைத்துத் திருப்பிக் கொடுப்பாள். கைம்மாறாக ஒரு டம்ளர் டீகூட வாங்கிக்கொள்ள மாட்டாள்.

அதுதான் ஓரக்காரிக்குப் புரியாதது. மூட்டை கொண்டு வருகிறவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும். மளிகைக்காரர் ஏன் காவல் காக்கிறார் என்றும் தெரியும், அட்டை போனவர்கள் கடனுக்குச் சாமான் கேட்பார்கள். அக்காவுக்கு இதில் என்ன? ஒன்றுமே வேண்டாம் என்கிற ஆளை எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூட்டைக்காரரிடம் ஒருமுறை கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டாள். ரொம்ப நாள் யோசித்து, சொல்ல வேண்டியதை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுக் கேட்டது. அவர் சிரித்தார்.

“உனக்கென்னம்மா குறைச்சல்? மருந்து சும்மா கிடைக்குது. எனக்கு யாரு சும்மா குடுக்கறா? கவர்மெண்ட் இப்படி வாரிக் குடுத்துத்தான் ஜனங்களைக் கெடுக்குது.”

அவர் போன பிறகு பெயிண்டர் கட்டிலிலிருந்து சொன்னார். “பார்த்தியா, அட்டை எனக்குன்னு நெனச்சேன். அவருக்கும்தான் போலிருக்கு. எனக்கு மருந்து வருது, அவருக்குக் கூலி மிச்சமாகுது.”

“மெதுவாப் பேசுங்க. படியிலதான் இருப்பாரு.”

“கேக்கட்டும். அவருக்கும் ஒரு அட்டை போட்டுக் குடுக்கச் சொல்றேன்.”

இப்படி இருக்கும்போதுதான் மெஷின் மேடம் வந்தாள். வேறொரு ஆபீஸ். பெண்கள் முன்னேற்றத்துக்கான திட்டம் என்றாள். கீழே வாசலில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடந்தது. மேடத்துக்குச் சிரித்த முகம், கையில் பெரிய பை. மோட்டார் வைத்த ஓவர்லாக் மெஷின், இலவசம். துணியின் விளிம்பை வெட்டிக்கொண்டே ஓரம் அடிக்கும். மடிக்கிற வேலை கிடையாது, கால் வலி கிடையாது. ஒரு நாள் வேலை அரை நாளில் முடியும்.

“எத்தனை நாளைக்கு அட்டையை நம்பிக்கிட்டு இருப்பீங்க? சொந்தக் கால்ல நிக்க வேண்டாமா?” என்று மேடம் கேட்டாள்.

“நிக்கிறது என்ன மேடம், மிதிச்சுக்கிட்டே இருக்கா” என்றார் பெயிண்டர். எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தாள். ஓரக்காரி சிரிக்கவில்லை. அவள் சுவரோரமாக நின்று ஒரு விஷயத்தைக் கவனித்துக்கொண்டிருந்தாள். மெஷின் வாங்க மருந்து அட்டை இருக்க வேண்டும் என்றாள் மேடம். அட்டை இல்லாதவர்கள் கேட்கவே முடியாது.

கூட்டம் கலையும்வரை காத்திருந்து மேடத்தின் பக்கத்தில் போனாள். “மேடம், அட்டை இருந்தாத்தான் மெஷின் குடுப்பீங்க. சரி. மெஷின் வந்த பிறகு அட்டை இருக்குமா?”

மேடத்தின் சிரிப்பு கொஞ்சம் நின்று போய் மறுபடி வந்தது. “அட்டை அந்த ஆபீஸ்மா. நான் இந்த ஆபீஸ். அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, தைரியமா வாங்கிக்கங்க.”

ஒன்றும் ஆகாது என்று தெரிந்து சொன்னாளா, தெரியாமல் சொன்னாளா? ஓரக்காரி அன்று முழுவதும் அந்த முகத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் இருந்தாள். பெயிண்டர் விடவில்லை.

“உன் முட்டியும் போச்சுன்னா அப்புறம் யாரு மிதிக்கிறது? நானா? நாலு படி ஏறினா எனக்கு நாக்கு தள்ளுது.”

சமையலக்காவும் சேர்ந்துகொண்டாள். “வாங்கிப் போடுடி. குடுக்கறதும் கவர்மெண்ட்தான், பார்க்க வர்றதும் கவர்மெண்ட்தான். அது குடுத்ததை அதுவே குத்தம்னு சொல்லுமா? அப்படியே சொன்னாலும் என் வீடு எதுக்கு இருக்கு?”

அக்கா ஏன் இவ்வளவு ஆசையாகச் சொல்கிறாள் என்று ஓரக்காரி பார்த்தாள். வழக்கமான அக்காதான். ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

மெஷின் வந்தது. பச்சை நிறம், பளபளப்பு. நாலு நூல்கண்டு மேலே கம்பியில் நிற்கும். முன்பக்கம் திட்டத்தின் பேர் பொறித்த தகடு, நாலு திருகு போட்டு இறுக்கியிருந்தது. முதல் நாள் கதவைச் சாத்திவிட்டு ஒரு துண்டை ஓட்டிப் பார்த்தாள். கால் பட்டதுமே விர்ரென்று பறந்தது. துண்டின் நாலு பக்கமும் முடிந்து அவள் மடியில் விழுந்தபோது, தான் இத்தனை வருஷம் மிதித்த மிதியெல்லாம் என்ன கணக்கு என்று அவளுக்குத் தோன்றியது. கட்டிலில் உட்கார்ந்திருந்த பெயிண்டர் கைதட்டினார். தட்டி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொண்டது. வெட்டுப்பட்ட விளிம்பிலிருந்து பஞ்சு பஞ்சாகப் பிசிறு பறந்து ஜன்னல் வெளிச்சத்தில் மிதந்தது.

அதற்குப் பிறகு ஈரத்துணியை நடுவில் கட்டித் தொங்கவிட்டு ஓட்டினாள். ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு ஓட்டினாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டால் நிறுத்தினாள். பத்து நிமிஷம் ஓட்டினால் இருபது நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், இது சரிவராது என்று அதன் மேல் போர்வையைப் போட்டு மூடினாள். போர்வை மேல் தண்ணீர்க் குடமும் பெயிண்டரின் மருந்தும் ஏறி உட்கார்ந்தன. அவள் பழைய மெஷினுக்கே திரும்பினாள்.

“அரசாங்கம் எனக்கு மருந்து வைக்க மேசை குடுத்திருக்கு” என்று வருகிறவர்களிடம் பெயிண்டர் சொல்ல ஆரம்பித்தார். அவள் கண்ணாலேயே அவர் வாயை மூடினாள்.

அப்போது மேடத்திடமிருந்து ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். மேடம் ஒருநாள் நேரில் வந்து பார்ப்பார், மெஷின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஓடாத வீட்டில் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், அந்த வீட்டுக்கு இனி எந்தத் திட்டத்திலும் இடமில்லை. எந்த நாள் என்று கேட்டால் அது அவனுக்குத் தெரியாதாம்.

அட்டை சார் வந்தால் மெஷின் இருக்கக் கூடாது. மேடம் வந்தால் மெஷின் ஓட வேண்டும். இரண்டு பேரும் அரசாங்கம். இரண்டு பேரும் சொல்லாமல் வருவார்கள். ஓரக்காரிக்குத் தூக்கம் குறைந்தது.

“ரெண்டு ஆபீசும் ஒரே கட்டடம்தான் தெரியுமா? இவங்க கீழ, அவங்க மேல. நடுவுல ஒரு மாடிப்படி” என்றார் பெயிண்டர்.

“அப்ப பேசிக்கிட்டுத்தான் செய்யறாங்க.”

“பேசிக்கிட்டா இப்படியா செய்வாங்க? பேசிக்கிறதே இல்ல.”

எது உண்மையாக இருந்தாலும் பயம் ஒன்றுதான். பேசிக்கொண்டு செய்தால் மாட்டிவைக்கப் பார்க்கிறார்கள். பேசாமல் செய்தால் மாட்டிக்கொண்டதைக்கூடக் கவனிக்க மாட்டார்கள்.

ஒரு காலை. அவள் பழைய மெஷினில் போர்வைக்கு ஓரம் மடித்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து, “தண்ணி வருது!” என்று மளிகைக்காரர் கத்தினார். அரசாங்க வண்டி ஒன்று வாசலில் நின்றதை அவர் பார்த்தாராம். வண்டியில் வந்தது யாரென்று பார்க்கவில்லை.

ஓரக்காரி எழுந்து வராந்தாவுக்கு ஓடினாள். எதிர்க்கதவைத் தட்டினாள். பள்ளிக்கூடம் இருக்கிற நாள், ஆனாலும் சமையலக்கா வீட்டில் இருந்தாள். காய்ச்சல், லீவு போட்டேன் என்றாள். சொல்லிக்கொண்டே வந்து மெஷினின் கனமான பக்கத்தைத் தூக்கிக்கொண்டாள். குடமும் மருந்தும் தரைக்கு இறங்கின. பெயிண்டரால் தூக்க முடியாது. நாலு நூல்கண்டையும் கழற்றிக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் நடந்தார்.

“தம்பி, தூங்கற குழந்தையை எழுப்பிடாதீங்க” என்றாள் அக்கா, மூச்சுவாங்க.

மெஷின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. ஓரக்காரி திரும்பி வந்து பழைய மெஷினில் உட்கார்ந்தாள். கதவு தட்டப்பட்டது. திறந்தால் மேடம்!

மேடம் சிரித்தபடி உள்ளே வந்து தரையைப் பார்த்தாள். பிசிறு படிந்த தரையில் மெஷின் நின்ற இடம் மட்டும் சுத்தமான சதுரமாகத் தெரிந்தது. “மெஷின் எங்கம்மா?”

“ஊருக்குப் போ…” என்று ஆரம்பித்த பெயிண்டர் இருமிச் சமாளித்தார்.

“எதிர்வீட்ல இருக்கு மேடம். இடம் கூட்டறதுக்காக எடுத்து வச்சேன். இதோ கொண்டு வந்துடறேன்.”

ஓரக்காரி மறுபடி ஓடினாள். “அக்கா, இது அந்த ஆள் இல்ல, இந்த ஆளு!” அக்கா மறுபேச்சுப் பேசாமல் ஒரு பக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டி, இரண்டு கதவுக்கும் நடுவில் வராந்தாவுக்கு வந்தார்கள். அப்போது மாடிப்படி திரும்புகிற இடத்தில் முதலில் ஒரு குடை தெரிந்தது. பிறகு அட்டை சார் தெரிந்தார்.

கீழே மளிகைக்காரர் ஒரு தடவை கத்திவிட்டதால் மறுபடி கத்தவில்லை. ஒரு நாளைக்கு ஒரு ஆபீஸ்தான் வரும் என்பது அவர் அனுபவம்.

அட்டை சார் கடைசிப் படியில் நின்றார். மெஷினைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், இரண்டு பெண்களையும் பார்த்தார். சத்தம் கேட்டு மேடமும் வாசலுக்கு வந்தாள்.

“மேடம், நீங்க…?”

“முன்னேற்றத் திட்டம் சார். நீங்க?”

“நான் அட்டை சரிபார்ப்பு.”

“ஓ, சரி சரி. நீங்களும் இன்னிக்கா!”

பஸ் நிறுத்தத்தில் தற்செயலாகப் பார்த்துக்கொண்டவர்கள் போல இருவரும் தலையசைத்தார்கள். ஓரக்காரி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் காரணம் கிடைக்கவில்லை. கை வலித்தது. மெஷினைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. இந்தக் கதவுப் பக்கமா, அந்தக் கதவுப் பக்கமா, எங்கே வைத்தாலும் அது ஒரு பதிலாகிவிடும்.

“இது யாரோட மெஷின்?” என்று அட்டை சார் கேட்டார்.

 சமையலக்கா சொன்னாள். “என்னோடது சார்.”

“உங்களோடதா? திட்டத்துத் தகடு இருக்கு. உங்களுக்கு அட்டை கிடையாதே.”

“குழு மெஷின் சார். நான்தான் குழுத் தலைவி.”

அந்த நிமிஷம் வரை அந்தக் கட்டடத்தில் குழு என்று எதுவும் கிடையாது. ஓரக்காரி மேடத்தைப் பார்த்தாள். பொய் என்று மேடத்துக்குத் தெரியும். மெஷினைக் கொடுத்தவளே அவள்தான். மேடம் தன் பையைத் தோளில் ஏற்றிப் போட்டுக்கொண்டு, “ஆமா சார். குழுவுக்குக் குடுத்தது. தலைவி வீட்லதான் இருக்கணும்னு விதி” என்றாள்.

அட்டை சார் ஓரக்காரி பக்கம் திரும்பினார். முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார். “அப்ப இந்த மெஷினுக்கும் உங்க வீட்டுக்கும் சம்பந்தம் இல்லைங்கறீங்க?”

மெஷினின் ஒரு பக்கம் அவள் கையில் இருந்தது. திறந்த கதவுக்குள் கட்டில் தெரிந்தது. கட்டில் விளிம்பில் பெயிண்டர், எதிர்வீட்டில் வைக்க மறந்த நூல்கண்டுகளை அணைத்தபடி, இருமலை அடக்கப் பார்த்து முடியாமல் இருமிக்கொண்டிருந்தார். தரையில் குடத்தின் பக்கத்தில் மருந்து.

“இல்ல சார்” என்றாள். “அக்காவோடதுதான்.”

அவர் உள்ளே போய் அறைக்கு நடுவில் நின்று மெதுவாகத் திரும்பினார். பழைய மெஷினின் மிதிப்பலகையைக் குடையால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். “மோட்டார் இல்லையே? சரி.” எழுதினார். போய்விட்டார்.

இரண்டு பெண்களும் மெஷினை வந்த வழியே திருப்பி அக்கா வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்கள். மேடமும் அங்கேயே வந்து உட்கார்ந்தாள். சொன்னதை உண்மையாக்க வேண்டுமல்லவா? பையிலிருந்து குழு ஆரம்பிக்கிற தாளை எடுத்தாள். தலைவி, சமையலக்கா. உறுப்பினர், ஓரக்காரி. இன்னும் இரண்டு பேரைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றாள். ஓரக்காரி கையெழுத்துப் போட்டாள். இதற்கிடையில் அக்கா டீ போட்டுக் கொண்டு வந்தாள். ஓரக்காரிக்குச் சர்க்கரை போட்டது. மேடத்துக்குப் போடாதது. சர்க்கரை வேண்டுமா என்று அக்கா கேட்கவில்லை. வேண்டாம் என்று மேடம் சொல்லவும் இல்லை. எடுத்துக் குடித்தாள்.

ஓரக்காரியின் டீ ஆறிப்போயிற்று.

அன்று ராத்திரியே பெயிண்டரிடம் சொன்னாள். பள்ளிக்கூட நாளில் அக்கா வீட்டில் இருந்தது, காய்ச்சல் என்று சொன்னவள் மெஷினைத் தூக்கிய விதம், பையில் தயாராக இருந்த தாள், சர்க்கரை இல்லாத டீ.

“ஏம்மா, நம்ம அட்டையைக் காப்பாத்தினவங்களையா சந்தேகப்படறே?”

“காப்பாத்தினாங்க. மெஷின் எங்க இருக்கு?”

அவர் மருந்தை எடுத்து ஒருமுறை உறிஞ்சிக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து அக்காவிடமே கேட்டாள். அப்படிக் கேட்பதற்கு அவள் பட்ட பாடு கொஞ்சமில்லை. துண்டு ஓட்டிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள். “அக்கா, மேடத்தை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“எந்த மேடம்?”

“சர்க்கரை இல்லாம டீ குடுத்தீங்களே.”

அக்கா சத்தமாகச் சிரித்தாள். “அடியே, பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மேடம் சோதனைக்கு வர்றாங்க! எல்லாருக்கும் டீ போடறவ நான்தான். ஒருத்தருக்காவது சர்க்கரை போட்டதில்ல. பெரிய சம்பளக்காரங்களுக்கெல்லாம் அந்த வியாதி இருக்கும்டி.” சிரித்து முடித்துவிட்டு, “மனசுல வச்சிருந்தியா இதை?” என்று கேட்டாள். அப்போது சிரிப்பு இல்லை.

அது உண்மையாக இருக்கலாம். இருக்கலாம் என்பதற்கு மேல் ஓரக்காரியால் போக முடியவில்லை.

முதல் இரண்டு மாதம் அக்கா எதுவும் கேட்கவில்லை. வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். மூன்றாவது மாதம், கரண்டுக்கு மட்டும் ஏதாவது கொடு என்றாள். நியாயம்தான். பிறகு ஊசிக்கும் எண்ணெய்க்கும். பிறகு மேல்மாடியிலிருந்து இரண்டு பெண்களை உறுப்பினராகச் சேர்த்தாள். முறை வைத்து ஓட்ட வேண்டும் என்று சொன்னாள். ஓரக்காரிக்குக் காலை நேரம் கிடைத்தது. தலைவிக்குப் பங்கு வேண்டும் என்று அக்கா கேட்கவில்லை. மேடம்தான் ஒருநாள் வந்து, எல்லாக் குழுவிலும் தலைவிக்கு மூன்றில் ஒரு பங்கு உண்டு என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா, “எனக்கெதுக்கு மேடம்?” என்றாள். பங்கு வந்தபோது வாங்கிக்கொண்டாள்.

மூட்டைக்காரரும் இப்போது எதிர்க்கதவைத்தான் தட்டுகிறார். கூலி பேசுவது அக்காவோடு. ஒன்றைச் சொல்ல வேண்டும், அக்கா பேசினால் கூலி கூடுகிறது. மருந்து சும்மா கிடைக்குதே என்று அக்காவிடம் அவரால் சொல்ல முடியாது. கூடிய கூலியில் தலைவியின் பங்கு போக ஓரக்காரிக்கு வருவது, மிதித்துச் சம்பாதித்ததைவிடக் கொஞ்சம் அதிகம். தன் மெஷினாக இருந்திருந்தால் வந்திருக்கக்கூடியதைவிட ரொம்பக் குறைவு. இரண்டையும் அவள் மனசுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். யாரைக் கேட்பது என்று தெரியாது.

மேடம் தன் கூட்டங்களில் இந்தக் குழுவைப் பற்றிப் பேசுகிறாளாம். ஒருமுறை படம் எடுக்க ஆள் கூட்டி வந்தாள். மெஷினின் பக்கத்தில் அக்கா நின்றாள். ஓரக்காரியைக் கூப்பிட்டார்கள், அவள் வரவில்லை. அட்டை சார் கண்ணில் பட்டுவிட்டால்?

“படத்துல இல்லாம போனது நல்லதுதான்” என்றார் பெயிண்டர். “நாம ஊருக்குப் போயிருக்கோம்னு சொல்லிக்கலாம்.” அவள் அன்று சிரித்துவிட்டாள்.

பிசிறு இப்போது எதிர்வீட்டில் பறக்கிறது. பெயிண்டரின் இருமல் குறைந்திருக்கிறது. சமையலக்கா சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டே வீட்டைக் கூட்டுகிறாள். போன மாதம் அவளுக்கும் இருமல் வந்தது. ஓரக்காரி தன் பழைய ஈரத்துணியைக் கொண்டுபோய் அக்கா கட்டிலுக்கு முன்னால் கட்டிவிட்டு வந்தாள். நன்றி என்று அக்கா சொன்னாள். எதையோ எதிர்பார்த்துச் செய்கிறாளோ என்று அக்கா தன்னைப் பார்த்ததாக ஓரக்காரிக்குத் தோன்றியது.

இன்றைய நிலவரம் இதுதான். மெஷின் சமையலக்கா வீட்டில், சமையலக்கா பேரில் இருக்கிறது. ஓரக்காரி தினமும் காலையில் அங்கே போய், மதியம்வரை ஓட்டிவிட்டு வருகிறாள். கூலியில் மூன்றில் ஒரு பங்கு அக்காவுக்கு. மருந்து அட்டை அடுத்த சரிபார்ப்புவரை செல்லும். பெயிண்டர் உயிரோடு இருக்கிறார்.